அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருவராக ஒரு கார்ப் பயணம்: முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் நாட்டுப்புறத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும் தம்பதியரில் பலர் முதலில் விமானச் சீட்டை வாங்கிவிட்டு, பிறகு பார்க்க வேண்டிய இடங்களை நீளமாக எழுதிவைத்துக்கொண்டு, விசாவையும் காரையும் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். அதனால் பணமும் வீணாகிறது, பாதி நாள் காருக்குள்ளேயே கழிகிறது. கெர்ரி, கிளேர், கோனமாரா ஆகிய மூன்று பகுதிகளையும் ஏறத்தாழ பத்து நாட்களில், வாடகைக் காரில், இருவராக அவசரமின்றிப் பார்த்து வருவதற்கான வழியை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு படியில் எடுக்கும் முடிவை வைத்தே அடுத்த படியைச் செய்ய முடியும் என்பதால், வரிசையை மாற்றாமல் செல்வது நல்லது.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே அல்லது செப்டம்பர். இவ்விரண்டில் மே மாதத்தையே நான் பரிந்துரைப்பேன். அட்லாண்டிக் கடலை ஒட்டிய இந்தக் கரையில் மழை எந்த மாதத்திலும் வரும். எனவே மழை இல்லாத மாதத்தைத் தேடாமல் வெளிச்சம் நீளும் மாதத்தைத் தேட வேண்டும். ஜூன் மாதத்தில் மேற்குக் கரையில் இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரிலோ மாலை நாலரை மணிக்குள் இருட்டிவிடும்; குளிர்காலத்தில் சிறு தங்குமிடங்களும் தீவுப் படகுகளும் பெரும்பாலும் இயங்குவதில்லை.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உள்ளூர்ப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் அறை கிடைப்பது கடினம், ஒடுங்கிய சாலைகளில் வண்டிகளும் அதிகம். மே மாதத்தில் பரன் பாறைவெளியில் அடர்நீல ஜென்ஷன் மலர்கள் பூத்திருக்கும். மோஹர் செங்குத்துப்பாறைகளில் பஃபின் பறவைகள் கூடு கட்டியிருக்கும்.

2. விசா கையில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இல்லை. உங்களிடம் ஷெங்கன் விசா இருந்தாலும் அதை வைத்து டப்ளினில் இறங்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் உள்ளவர்கள் அயர்லாந்தின் குறுகிய கால விசாவைத் தனியாகப் பெற வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து சென்றாலும் விண்ணப்பம் இரண்டுதான். ஒருவருடைய வங்கிக் கணக்கிலிருந்தே இருவருடைய செலவும் நடக்கும் என்றால், அதைக் கடிதத்தில் தெளிவாக எழுதி, உறவுக்கான சான்றை இரு விண்ணப்பங்களிலும் இணைக்க வேண்டும்.

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, மூன்று மாதக் கணக்கு தொடங்கும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அதுவரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகளை மட்டும் வைத்திருங்கள்.

இந்தியர்களுக்குப் பயன்படும் ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா திட்டத்தின் குறி உங்கள் ஐரிஷ் விசாவில் இருந்தால், முதலில் அயர்லாந்தில் நுழைந்த பிறகு பிரிட்டனுக்கும் அதே விசாவில் போகலாம். இந்தக் குறியோ தனி பிரிட்டிஷ் விசாவோ இல்லாதவர்கள் வட அயர்லாந்துக்குள் செல்லக் கூடாது, ஏனெனில் அது பிரிட்டனின் பகுதி. எல்லையில் சோதனைச் சாவடியோ கம்பியோ கிடையாது என்பதால், அங்குள்ள ஜயன்ட்ஸ் காஸ்வே கற்தூண்களைப் பார்க்கும் ஆசையில் பலர் தெரியாமலே எல்லையைக் கடந்துவிடுகிறார்கள். சோதனை இல்லாததால் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது.

3. மூன்று ஊர்களில் மட்டும் தங்குங்கள், தெற்கிலிருந்து வடக்கே செல்லுங்கள்

தினம் ஓர் ஊரில் தங்கும் திட்டம்தான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பெட்டியைக் கட்டி, அறையைக் காலி செய்து, அடுத்த ஊரில் அறை திறக்கும் மாலை மூன்று, நான்கு மணி வரை சாமான்களைக் காரில் வைத்துக்கொண்டு திரிவதிலேயே நாள் போய்விடும். அதற்குப் பதிலாக கெர்ரியின் டிங்கிளில் மூன்று இரவு, கிளேரின் டூலின் அல்லது பாலிவானில் இரண்டு இரவு, கோனமாராவின் கிளிஃப்டனில் இரண்டு இரவு, தொடக்கத்திலும் முடிவிலும் டப்ளினில் ஒவ்வோர் இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கெர்ரியில் தொடங்கிக் கிளேர் வழியாகக் கோனமாராவில் முடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அயர்லாந்திலும் நம் ஊர்களைப் போல இடப்பக்கமாகவே வண்டி ஓட்ட வேண்டும். மேற்குக் கரையில் வடக்கு நோக்கிச் செல்லும்போது கடல் உங்கள் இடப்புறம், அதாவது நீங்கள் செல்லும் தடத்தை ஒட்டியே வரும். காட்சிமுனைகளில் எதிர்த்தடத்தைக் குறுக்கே வெட்டாமல் நேராக ஒதுங்கி நிறுத்தலாம். அருகில் அமர்ந்திருப்பவருக்குக் கடல் மறைப்பின்றித் தெரியும். இதே பயணத்தை வடக்கிலிருந்து தெற்காகச் செய்தால் இந்த வசதி இரண்டும் போய்விடும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். டிங்கிளிலிருந்து கில்லார்னி ஏறத்தாழ 65 கி.மீ. தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம், ஏனெனில் டிராக்டரும் ஆட்டுக் கூட்டமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஒரு நாளில் சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் செலவிடுவதை ஊர் மாறும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. காரை முன்பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

சிறிய காரை எடுங்கள். பெரிய கார் வசதி என்று நினைத்து எடுத்தவர்கள், இருபுறமும் கற்சுவர் நெருக்கும் முதல் சாலையிலேயே வருந்துவார்கள். இரண்டு நடுத்தரப் பெட்டிகள் சிறிய காரின் பின்பகுதியில் அடங்கிவிடும். இந்தியாவில் கியர் மாற்றி ஓட்டியவருக்கு அங்குள்ள சாதாரண கார் பழகியதாகவே இருக்கும். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டத் தெரிந்தவர்கள் சீக்கிரமே பதிவு செய்ய வேண்டும், அத்தகைய கார்களுக்கு வாடகையும் கூடுதல்.

உங்கள் நாட்டு ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கடன் அட்டை இருக்க வேண்டும். வைப்புத்தொகைக்காக அதில் கணிசமான தொகையை முடக்கி வைப்பார்கள் என்பதால் அட்டையின் வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கணவனின் பெயரில் கார், மனைவியின் பெயரில் அட்டை என்று போய் நின்றால் சாவி கிடைக்காது.

காப்பீட்டு விதிகளை வீட்டிலிருக்கும்போதே படியுங்கள். அடிப்படைக் காப்பீடு இருந்தாலும், சேதத்தின் முதல் பெருந்தொகையை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். சில கடன் அட்டைகள் தரும் வாடகைக் கார்க் காப்பீட்டில் அயர்லாந்தையே பெயர் சொல்லி விலக்கியிருப்பார்கள்.

இருவரையும் ஓட்டுநர்களாகப் பதிவு செய்துவிடுங்கள். கூடுதல் கட்டணம் உண்டு, ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதே என் கருத்து. ஒடுங்கிய சாலையில் ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு அகலாது. ஒருவரே பத்து நாளும் ஓட்டினால் அவர் அயர்லாந்தைப் பார்க்காமலே திரும்புவார்.

5. மூட்டையில் என்னென்ன

குடையை விட்டுவிட்டு, தலைமூடியுள்ள மழைச்சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்காற்றில் குடை நிற்காது. ஒரே தடித்த கோட்டை விட மெல்லிய உடைகள் மூன்று அடுக்கு நல்லது, ஏனெனில் ஒரு மணி நேரத்துக்குள் வெயிலும் சாரலும் மாறி மாறி வரும். நீர் புகாத, அடிப்பிடிப்புள்ள காலணி கட்டாயம். மின்சாரத்துக்குப் பிரிட்டனில் உள்ளது போன்ற மூன்று பட்டைமுனைச் செருகி தேவை. வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும் வகையில் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

6. இறங்கிய நாளில் காரைத் தொடாதீர்கள்

இந்தியாவிலிருந்து அயர்லாந்துக்கு நேரடி விமானம் இல்லாததால், வளைகுடா வழியாக வந்து இறங்கும்போது உடல் களைத்திருக்கும். அன்று டப்ளினில் தங்கிவிட்டு, மறுநாள் காலை விமான நிலையத்துக்குத் திரும்பிச் சென்று காரை எடுங்கள். நகரின் ஒருவழித் தெருக்களில் நுழையாமலே நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம்.

சாவியை வாங்கியதும் காரைச் சுற்றி மெதுவாக நடந்து காணொளி எடுங்கள். இடப்பக்கத்துச் சக்கர விளிம்புகள் இரண்டையும் இடப்பக்கக் கண்ணாடியையும் நெருக்கமாகப் பதிவு செய்ய வேண்டும். சுவரும் புதரும் உராய்வது அந்தப் பக்கம்தான்; முன்பு ஓட்டியவர் விட்டுச் சென்ற கீறல்களும் அங்கேதான் இருக்கும். எரிபொருள் மூடியைத் திறந்து பெட்ரோலா டீசலா என்றும் பாருங்கள். அயர்லாந்தில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்புக் கைப்பிடி டீசல்.

டப்ளினைச் சுற்றிச் செல்லும் எம் 50 சாலையில் சுங்கச் சாவடி கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடிக்கும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். வாடகைக் கார் நிறுவனமே செலுத்துகிறதா, நீங்கள் செலுத்த வேண்டுமா என்பதைச் சாவி வாங்கும்போதே கேளுங்கள். அன்று டிங்கிள் வரை போவது நீண்ட பயணம். கூரை வேய்ந்த குடில்கள் உள்ள அடேர் ஊரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஓட்டுநரை மாற்றிக்கொண்டு செல்லுங்கள்.

7. நாட்டுப்புறச் சாலையில் ஓட்டும் முறை

சாலையின் எழுத்தைப் பார்த்தாலே அதன் தன்மை தெரிந்துவிடும். எம் என்பது நெடுஞ்சாலை, வேக வரம்பு மணிக்கு 120 கி.மீ. என் என்பது தேசியச் சாலை, பொதுவாக 100. ஆர் என்பது வட்டாரச் சாலை, பொதுவாக 80. எல் என்பது ஊர்ச்சாலை. இதற்கான பொது வரம்பு 2025 பிப்ரவரியில் 80 இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. வரம்பு என்பது அந்த வேகத்தில் போக வேண்டும் என்பதற்கான அறிவுரை அல்ல. 80 என்று பலகை வைத்த வளைவிலும் 40 இல் போவதே சரியாக இருக்கும் இடங்கள் ஏராளம்.

வரைபடச் செயலி இரண்டு நிமிடம் மிச்சப்படுத்துவதற்காக உங்களை நடுவில் புல் முளைத்த சந்துக்குள் அனுப்பிவிடும். என், ஆர் எழுத்துள்ள சாலைகளை விட்டு விலகச் சொன்னால், அருகில் இருப்பவர் முதலில் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். இடப்பக்கம் அமர்ந்திருப்பவருக்குச் சுவர் முகத்துக்கு நேரே வருவது போல் தோன்றும். அவர் திடீரென்று கத்தினால் ஓட்டுபவர் பதறி எதிர்த்தடத்துக்குத் திருப்பிவிடுவார். “கொஞ்சம் வலப்பக்கம்” என்று நிதானமாகச் சொல்வது என முன்பே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய சாலையில், ஒதுங்கும் இடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவரே நிற்க வேண்டும் அல்லது பின்னால் எடுக்க வேண்டும். வழிவிட்டவரைக் கடக்கும்போது உள்ளூர்க்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார். நன்றியும் வணக்கமும் அதில் அடக்கம். நீங்களும் அவ்வாறே விரலை உயர்த்துங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். உங்களுக்கு அது விடுமுறை, பின்னால் வருபவருக்கு வேலை நாள்.

ஐரிஷ் மொழி பேசப்படும் பகுதிகளில், அதாவது டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குப் பாதியிலும் கோனமாராவின் பெரும்பகுதியிலும், ஊர்ப் பலகைகள் ஐரிஷில் மட்டுமே இருக்கும். அன்றைய வழியில் வரும் ஊர்களின் இரு பெயர்களையும் காலையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் சந்திப்புகளில் திணற வேண்டியதில்லை.

8. கெர்ரி: ஸ்லே ஹெட் சாலைக்கு ஒரு முழு நாள்

கெர்ரியில் இரண்டு சுற்றுச்சாலைகள் உள்ளன. 179 கி.மீ. நீளமுள்ள ரிங் ஆஃப் கெர்ரி பெயர் பெற்றது. அதைச் சுற்ற ஒரு முழு நாளும் போகும், சுற்றுலாப் பேருந்துகளின் பின்னாலேயே பெரும்பகுதி போகும். மூன்று இரவு மட்டும் இருப்பவர்கள் அதை விட்டுவிட்டு, டிங்கிளுக்கு மேற்கே உள்ள சிறிய ஸ்லே ஹெட் சுற்றை நிதானமாகப் பார்ப்பதே மேல்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, வலஞ்சுழியாகச் செல்லுங்கள். பேருந்துகளும் அப்படியே செல்வதால் எதிரில் பெரிய வண்டி வந்து சிக்கிக்கொள்ளாது. கடலும் இடப்புறமே இருக்கும். வென்ட்ரி கடற்கரை, தேன்கூடு வடிவக் கற்குடில்கள், ஸ்லே ஹெட் முனை, கூமினூல் மணல்கரை, டன்கின் படகுத்துறை என்று வழியில் இடங்கள் வரும். கூமினூலில் நீரோட்டம் வலியது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிரே தெரியும் பிளாஸ்கட் தீவுகளில் 1953 இல் கடைசி மக்களும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வாழ்க்கையைச் சொல்லும் காட்சியகம் டன்கினில் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் அந்த நேரத்தை அங்கே செலவிடுங்கள். சுற்றின் பிற்பகுதியில் வரும் கேலரஸ் வழிபாட்டுக்கூடத்தின் சுவரை அருகே நின்று பாருங்கள். சாந்து இல்லாமல், ஒவ்வொரு கல்லையும் வெளிப்புறம் சற்றே சரியும்படி வைத்து அடுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடுகிறது.

டிங்கிளுக்கு வடக்கே மலையேறும் கானர் கணவாய்ச் சாலையில் உச்சி வரை மட்டும் சென்று திரும்புங்கள். மறுபக்க இறக்கம் மிக ஒடுக்கமானது. மலையுச்சியை மேகம் மூடியிருந்தால் போகவே வேண்டாம், பார்ப்பதற்கு எதுவும் தெரியாது. மூன்றாம் நாளைக் கில்லார்னி தேசியப் பூங்காவுக்கு வைத்துக்கொண்டு மக்ராஸ் மாளிகை, டார்க் அருவி, லேடீஸ் வியூ காட்சிமுனை ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்கெலிக் மைக்கேல் தீவில் இறங்க விரும்புபவர்கள் பல மாதம் முன்பே படகைப் பதிவு செய்து, போர்ட்மகீ அருகே தனியாக ஓர் இரவு தங்க வேண்டும். கைப்பிடி இல்லாத 600க்கும் மேற்பட்ட படிகள் அங்கே உண்டு. கடல் கொந்தளித்தால் படகு கிளம்பாது.

9. கிளேர்: படகில் காரை ஏற்றி ஆற்றைக் கடத்தல்

டிங்கிளிலிருந்து டூலினுக்கு வழி கேட்டால் செயலி லிமரிக் நகரைச் சுற்றி அனுப்பக்கூடும். அதற்குப் பதிலாக டார்பர்ட் துறையில் காரோடு படகில் ஏறி, ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து கில்லிமரில் இறங்குங்கள். இருபது நிமிடப் பயணம், நூறு கிலோமீட்டருக்கும் மேலான சுற்று மிச்சம். முன்பதிவு தேவையில்லை, வரிசையில் நின்று ஏறலாம்.

மோஹர் செங்குத்துப்பாறைகளைக் காலையில் பார்ப்பது பொதுவான பிழை. 214 மீட்டர் வரை உயரும் அந்தப் பாறைமுகம் மேற்கு நோக்கியது; காலையில் நிழலில் கிடக்கும். பகல் பதினொன்று முதல் நான்கு வரை டப்ளின், கால்வே நகரங்களிலிருந்து வரும் பேருந்துகளால் கூட்டம் நெரியும். மாலை ஐந்து மணிக்குப் பிறகான நேரத்துக்கு இணையத்தில் நுழைவுச்சீட்டு எடுத்தால் வெளிச்சமும் முகத்தில் விழும், கூட்டமும் கலைந்திருக்கும். வேலியைத் தாண்டிப் புல்விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். கடல் அடியில் அரித்துவிட்டதால், புல் படர்ந்த இடத்தின் கீழே பாறையே இல்லாமல் இருக்கலாம். விளிம்பையொட்டிய நடைபாதையின் பகுதிகள் மூடப்பட்டிருந்தால் அந்தப் பலகையை மதியுங்கள்.

மறுநாள் கடல் அமைதியாக இருந்தால் டூலினிலிருந்து ஆரன் தீவுகளில் அருகிலுள்ள இனிஷ் ஓருக்குப் படகில் சென்று, மிதிவண்டி எடுத்துச் சுற்றிவிட்டு மாலையில் திரும்புங்கள். பரன் சுண்ணாம்புக்கல் வெளியைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டாம். ஊர் மாறும் நாளில் கால்வேக்குப் போகும் வழியிலேயே அது வருகிறது. புல்நபரோன் என்னும் கற்காலக் கல்லறைக்கு முன்னால் இறங்கி நடக்கும்போது காலடியைப் பார்த்து வையுங்கள். பாளம் பாளமாக வெடித்த பாறைகளின் இடுக்குகள் முழங்கால் ஆழம் இருக்கும், மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். குனிந்து அந்த இடுக்குகளுக்குள் பார்த்தால் பெரணிச் செடிகளும் சிறு மலர்களும் காற்றுக்கு ஒளிந்து வளர்ந்திருப்பது தெரியும். கற்களை எடுத்து அடுக்கி விளையாடாதீர்கள்.

10. கோனமாரா: திட்டத்தைத் தளர்வாக வையுங்கள்

மாலை நெரிசலுக்கு முன்பே கால்வே நகரைக் கடந்து, எரிபொருளை நிரப்பிக்கொண்டு, என் 59 சாலையில் கிளிஃப்டனுக்குச் செல்லுங்கள். முதுகில் நீலமோ சிவப்போ சாயம் பூசிய ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். ஹாரன் அடிக்காமல் காத்திருந்தால் எழுந்து போகும். எந்த ஆடு யாருடையது என்று அடையாளம் காணவே அந்தச் சாயம்.

இங்கே மேகம் எந்நேரமும் இறங்கும் என்பதால், வானம் தெளிந்த வேளையை டைமண்ட் ஹில் மலைக்குக் கொடுங்கள். 442 மீட்டர் உயரம்; பலகைப் பாதையும் கற்படிகளும் உள்ளதால் பழகாதவர்களும் ஏறலாம். மேகம் மூடிய வேளைக்குக் கைல்மோர் மடம். மிட்செல் ஹென்றி என்பவர் கட்டிய அந்த ஏரிக்கரை மாளிகையில் 1920 முதல் பெனடிக்டைன் கன்னியர் வாழ்கின்றனர். பலர் மாளிகையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏரியோரமாகச் சற்று நடந்தால், இறந்துபோன தம் மனைவி மார்கரெட்டின் நினைவாக அவர் எழுப்பிய சிறு தேவாலயம் இருக்கிறது. இருவராகச் செல்பவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. மாலையில் கிளிஃப்டனிலிருந்து ஸ்கை ரோடு சுற்றின் மேல்சாலையில் சென்று சூரிய மறைவைப் பாருங்கள்.

11. உணவும் மாலைப்பொழுதும்

கிராமத்துப் பப் சமையலறைகள் இரவு ஒன்பது மணிக்குள், சில இடங்களில் இன்னும் முன்பே, மூடிவிடும். வெளிச்சம் இருப்பதால் நேரம் தெரியாமல் சுற்றிவிட்டுப் பசியோடு திரும்புபவர்கள் பலர். ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மீண்டும் வெளியே போவதே சரி.

சைவ உணவுக்காரர்கள் காலையுணவு விவரத்தை அறை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். அங்கே புட்டிங் என்பது இனிப்பு அல்ல. கறுப்புப் புட்டிங்கில் இரத்தமும் வெள்ளைப் புட்டிங்கில் பன்றி இறைச்சியும் உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பழுப்பு சோடா ரொட்டியும் வெண்ணெயும் எங்கும் கிடைக்கும்.

டூலின், டிங்கிள் பப்களில் இரவு ஒன்பதரை மணியளவில் மரபிசை தொடங்கும். மூலையில் வாத்தியங்கள் வைத்த மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகள் கலைஞர்களுக்கு உரியவை. அங்கே குடித்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து திரும்புங்கள்; அதற்காகவே ஊர் நடுவில் அறை எடுக்கச் சொல்கிறேன்.

12. வானிலை எச்சரிக்கையும் காரைத் திருப்பிக் கொடுத்தலும்

தினமும் காலையில் அயர்லாந்து வானிலை நிறுவனமான மெட் ஏரனின் அறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள் நிற எச்சரிக்கை என்றால் கரையோர நடையைத் தள்ளிவைத்து மாளிகை, காட்சியகம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆரஞ்சு என்றால் மலைக்கும் கடலுக்கும் போகாதீர்கள். சிவப்பு என்றால் அறையை விட்டு வெளியேற வேண்டாம். அவசர உதவிக்கு 112 அல்லது 999.

கிளிஃப்டனிலிருந்து டப்ளினுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். விமானம் ஏறும் நாளில் இந்தத் தூரத்தை ஓட்டாதீர்கள். முந்தைய நாளே வந்து, விமான நிலையத்துக்கு முன்னுள்ள நிலையத்தில் எரிபொருளை நிரப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு காரை ஒப்படையுங்கள். ஊழியர் காரைப் பார்வையிடும் வரை நின்று, சேதம் எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், பின்னர் வரும் கட்டணத்தை மறுக்க உங்களிடம் சான்று இருக்காது.